குதிரைக் கணக்கு

சென்ற இதழில் நுவரெலியாச் சித்திரைச் சீசன் பற்றி எழுதும்போது, வாலிப வயதில் ரேஸ் மைதானத்து டோட் கூண்டில் டிக்கெட் விற்றவன் நான் என்று போகிற போக்கில் சொல்லிவைத்தேன். பிறகு பத்தொன்பது வருடம் மலையகத்து டவுன் ஒன்றில், பந்தயக் காசு வாங்கும் புக்கிக் கடையில் பேரேடு எழுதியதையும் சொன்னேன். வழக்கமாக எனக்கு வருபவை சேமலாப நிதி, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் பற்றிய கடிதங்கள். இந்த முறை பாதிக்கு மேல் குதிரைதான். சரி, இந்த இதழைக் குதிரைக்கே விட்டுவிடுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறது.

ஐயா, வருகிற சித்திரையில் குடும்பத்தோடு நுவரெலியா ரேஸ் பார்க்கப் போகிறோம். ஆசைக்கு ஒரு டிக்கெட் வாங்க எண்ணம். டோட்டில் கட்டுவது நல்லதா, புக்கியிடமா? இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?
*– வாசகர், லிந்துலை*

முதலில் ஸ்வெட்டரும் குடையும் எடுத்து வையுங்கள். காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கும். பகல் சாப்பாடு முடிந்ததும் மழை கொட்டும். ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிற மைதானம்.

டோட் என்பது பொது உண்டியல். ஒரு பந்தயத்துக்கு எல்லாரும் போடும் பணம் ஓரிடத்தில் சேரும். நடத்துகிறவர்களின் கழிவும் வரியும் அதிலிருந்து போகும். மீதியை, வென்ற குதிரையின் டிக்கெட் வைத்திருப்பவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். நூறு ரூபாய் டிக்கெட் ஆயிரம் விற்றது என்று வையுங்கள், ஓர் இலட்சம். நூற்றுக்கு 25 கழிவு என்றால் மிச்சம் 75,000. எல்லாரும் நம்பிய நாலாம் நம்பர் மேல் 500 டிக்கெட் இருந்து அதுவே வென்றால், டிக்கெட்டுக்கு 150 ரூபாய். யாரும் சீண்டாத ஏழாம் நம்பர் மேல் 30 டிக்கெட்தான் இருந்து அது வென்றால் 2,500 ரூபாய். கூண்டுக்குள் இருக்கும் கிளாக்கரோடு உங்களுக்குப் போட்டியே இல்லை. வரிசையில் உங்களுக்கு முன்னும் பின்னும் நிற்பவர்களோடுதான் போட்டி.

புக்கி அப்படியில்லை. அவர் விலை சொல்வார், அந்த விலையைத் துண்டில் எழுதுவார், நீங்கள் வென்றால் தன் பெட்டியிலிருந்து தருவார். அவர் எப்படிப் பிழைக்கிறார் என்று கேட்பீர்கள். ஐந்து குதிரை ஓடும் பந்தயம் ஒன்றில் விலைகள் இப்படி: முதல் குதிரை ஒன்றுக்கு ஒன்று, அடுத்தது மூன்றுக்கு ஒன்று (ஒரு ரூபாய் கட்டி வென்றால் மூன்று ரூபாய் இலாபம், கட்டிய ரூபாயும் திரும்பும்), பிறகு இரண்டு குதிரை நாலுக்கு ஒன்று, கடைசி ஒன்பதுக்கு ஒன்று. நீங்களும் நாலு நண்பர்களும் சேர்ந்து, எந்தக் குதிரை வந்தாலும் கையில் 100 ரூபாய் வரும்படி ஐந்தையும் வாங்கப் பாருங்கள். முதல் குதிரைமேல் 50, இரண்டாவதில் 25, அடுத்த இரண்டில் இருபது இருபது, கடைசியில் 10. கூட்டினால் 125. கொடுத்தது 125, திரும்புவது 100. அந்த 25இல்தான் என் முதலாளியின் வீடும் வாகனமும் எழும்பின. என் சம்பளமும் அதிலிருந்துதான் வந்தது. குதிரை பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. வாலை வைத்துத்தான் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று கண்டுபிடிப்பார் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

ஆசைக்கு ஒரு டிக்கெட் என்றால் டோட்டிலேயே வாங்குங்கள். ஆனால் வாங்குவதற்கு முன்பு, பந்தயத்துக்கு முந்திக் குதிரைகளை நடத்திக் காட்டும் வளையத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். என் அப்பா தோட்டத்தில் துரையின் குதிரைக்காரராக இருந்தவர். ரேஸ் நாளில் அந்த வளையத்துக் கம்பியைப் பிடித்தபடியே நிற்பார். டிக்கெட் வாங்கி நான் பார்த்ததில்லை. "பின்தொடை இரண்டுக்கும் நடுவில் சவர்க்கார நுரை மாதிரி தள்ளுகிறதா பார். தள்ளினால் அது தன் ஓட்டத்தை இங்கேயே ஓடி முடித்துவிட்டது" என்பார். காது முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருக்க வேண்டும், நடையில் பின்கால் முன்கால் பதிந்த தடத்தைத் தாண்டி விழ வேண்டும், இழுத்துப் பிடிக்கிறவனோடு சண்டை போடக் கூடாது. இவ்வளவுதான் அவர் படிப்பு. புத்தகத்தில் அச்சாகும் எண்களைவிட இதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

நுவரெலியா ரேஸ் மைதானம் எவ்வளவு பழையது? பாடசாலை ஒப்படைக்குத் தேவை.
*– மாணவி, வலப்பனை*

1875. கிரகரி ஏரி வெட்டிய இரண்டு வருடத்தில் ஓட்டப்பாதையும் வந்துவிட்டது. ஒப்படையில் இதையும் எழுதுங்கள்: அன்றைக்கு மலை முழுவதும் தேயிலை இல்லை, கோப்பி. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அரித்துக்கொண்டிருந்த வருடங்களில்தான் துரைமார் இந்த மைதானத்தில் குதிரை விட்டார்கள்.

கொழும்பில் கறுவாத்தோட்ட மைதானம் 1893இல் திறந்தது. உலகப் போரில் அது விமானத்தளமானது. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது எதிர்த்துப் பறந்த விமானங்களில் ஒரு பகுதி அந்த ரேஸ் புல்தரையிலிருந்துதான் கிளம்பியது. 1956இல் ஆட்சி மாறிய பிறகு பந்தயங்களுக்கு மவுசு போய் மெல்ல நின்றன. 1981இல் மறுபடி தொடங்கியது நம் நுவரெலியாவில். ஆளுநர் கிண்ணம், ராணிக் கிண்ணம் என்ற பழைய பெயர்களிலேயே இன்னும் ஓடுகிறார்கள். அந்த வெள்ளைக்கார ஆளுநரும் இல்லை, ராணியும் இல்லை. கிண்ணம் மட்டும் பிடிவாதமாக இருக்கிறது.

எங்கள் டவுன் புக்கியில் ஜூன் மாதம் வந்தால் 'அஸ்கொட்' என்று பெரிதாக எழுதிப் போடுகிறார்கள். அன்றைக்கு மட்டும் கூட்டம் நெரிகிறது. இந்த அஸ்கொட் எங்கே இருக்கிறது? நம் நாட்டுக் குதிரை ஓடும்போது அங்கே ஏன் காசு கட்ட வேண்டும்?
*– முச்சக்கர வண்டிச் சாரதி, ஹட்டன்*

தம்பி, நம் நாட்டுக் குதிரை வருடத்தில் சில நாட்கள்தான் ஓடுகிறது. புக்கிக்கு வருடம் முழுவதும் கதவு திறந்திருக்க வேண்டும். அதனால் இங்கிலாந்துப் பந்தயமும் இந்தியப் பந்தயமும்தான் அவர்களுக்குச் சோறு.

அஸ்கொட் லண்டனுக்கு மேற்கே, வின்ட்சர் அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆன் ராணி 1711இல் தொடங்கிவைத்த மைதானம். ஜூன் மாதம் ஐந்து நாள் அரச குடும்பம் குதிரை வண்டியில் மைதானத்துக்குள் ஊர்வலம் வரும். அந்த வழக்கம் 1825இலிருந்து. ஆண்கள் உயரத் தொப்பி இல்லாமல் உள்ளே போக முடியாத அடைப்பு ஒன்று உண்டு. தங்கக் கிண்ணப் பந்தயம் 1807இல் தொடங்கியது, தூரம் இரண்டரை மைல். நம் வழக்கில் இரண்டரைக் கட்டை! ஹட்டன் டவுனிலிருந்து அவ்வளவு தூரம் நடந்து பாருங்கள், குதிரை என்ன பாடு படும் என்று விளங்கும். இன்னொன்று ரோயல் ஹண்ட் கிண்ணம், 1843இலிருந்து ஓடுவது. நேர்ப்பாதையில் ஒரு மைல். முப்பது குதிரை வரை ஒரே வரிசையாகக் கிளம்பும். நல்ல குதிரைக்குக் கூடுதல் பாரம், சுமாரான குதிரைக்குக் குறைந்த பாரம் ஏற்றி எல்லாவற்றையும் சமப்படுத்தி விடுவார்கள். கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளை செய்த வேலை அது. சமப்படுத்திய முப்பது குதிரையில் ஒன்றைச் சொல் என்றால் யாரால் முடியும்? புக்கிக்கு அந்தப் பந்தயம் பொங்கல்.

கூட்டத்துக்குக் காரணம் நேரம். அங்கே கோடைகாலத்தில் பகல் இரண்டரைக்கு முதல் பந்தயம் என்றால் இங்கே மாலை ஏழு மணி. வேலை முடிந்து, குளித்து, டவுனுக்கு வந்து சேர்கிற நேரம். ஜூன் மாதத் தென்மேல் மழையில் வேறு எங்கும் போகவும் இடமில்லை. நான் வேலை பார்த்த ஆரம்ப காலத்தில் கடையில் படம் கிடையாது, ஒலிபெருக்கியில் இங்கிலீஷ் குரல் மட்டும். ஈரச் சாக்கு வாடையும் பீடிப் புகையுமாக நாற்பது பேர் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பாதிப் பேருக்கு அந்தப் பாஷை தெரியாது. குரல் ஏறுகிற வேகத்தை வைத்தே தன் குதிரை முன்னால் வருகிறதா என்று கண்டுகொள்வார்கள்.

வட்ஸ்அப்பில் ஒருவர் இரண்டு முறை இலவசமாகக் குதிரை சொன்னார், இரண்டும் வந்தது. மூன்றாவதற்கு 5,000 ரூபாய் கேட்கிறார். நம்பலாமா?
*– வாசகர், பண்டாரவளை*

எட்டுக் குதிரை ஓடும் பந்தயம். அவர் 512 பேருக்குச் செய்தி அனுப்புகிறார். 64 பேருக்கு முதல் குதிரை, இன்னொரு 64 பேருக்கு இரண்டாவது, இப்படியே எட்டும். எது வந்தாலும் 64 பேர் வாயைப் பிளப்பார்கள். அந்த 64 பேரை அடுத்த பந்தயத்தில் எட்டெட்டாகப் பிரிக்கிறார். இப்போது 8 பேருக்கு அவர் தெய்வம். அந்த எட்டுப் பேரில் நீங்கள் ஒருவர். மிச்சம் 504 பேர் இந்தப் பத்திக்குக் கடிதம் எழுதவில்லை.

கொஞ்சக் காசில் நாலு குதிரை சேர்த்து 'யாங்கி' போட்டால் பெரிய தொகை வருமாமே? தனிக் குதிரையைவிட அது இலாபமா?
*– வாசகர், தலவாக்கலை*

யாங்கி என்றால் நாலு குதிரையை வைத்து 11 பந்தயம்: இரண்டிரண்டாக 6, மும்மூன்றாக 4, நாலும் சேர்ந்து 1. பத்து ரூபாய் யாங்கி என்று சொல்லிவிட்டு 110 ரூபாய் கொடுக்கும்போது விழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதல் பதிலில் சொன்ன 125ஐ நினைவில் வையுங்கள். அந்த விலையில் உங்கள் நூறு ரூபாய்க்கு நியாயமாகத் திரும்ப வேண்டியது 80. இரண்டு குதிரை சேர்த்தால் 80இலும் எண்பது வீதம், அதாவது 64. மூன்று சேர்த்தால் 51 சொச்சம். நாலு சேர்த்தால் 41க்கும் கொஞ்சம் குறைவு. பரிசுத் தொகை பெருக்கலில் ஏறுவது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. கழிவும் அதே பெருக்கலில் ஏறுவது எங்கள் பேரேட்டில்தான் தெரியும். யாங்கி எழுத வருபவருக்கு முதலாளி தானே பென்சில் எடுத்துக் கொடுப்பார்.

ஆனால் புக்கிகள் அழுத நாளும் உண்டு. 1996 செப்டெம்பர் 28, அஸ்கொட்டில் ஏழு பந்தயம். பிராங்கி டெட்டோரி என்ற ஜொக்கி ஏழையும் வென்றார். ஏழையும் சேர்த்துக் கட்டியவர்களுக்கு ஒன்றுக்கு 25,000க்கு மேல். கடைசிக் குதிரை பியூஜியாமா கிரெஸ்ட் காலையில் பன்னிரண்டுக்கு ஒன்று விலையில் இருந்தது. ஓடும்போது இரண்டுக்கு ஒன்று. குதிரைக்கு ஒரே நாளில் வேகம் கூடிவிடவில்லை, இங்கிலாந்து முழுவதும் புக்கிகள் பயந்துபோய் விலையை நசுக்கிவிட்டார்கள்.

அந்த நாளில் நான் கடையில் இருந்தேன். மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக அந்த வருடம் நம் நாட்டுக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? இருட்டில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போன வருடம். ஆகவே கடைசிப் பந்தயங்கள் ஓடும்போது இங்கே இரவு நன்றாக ஏறிவிட்டது. ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர், எங்கள் வாடிக்கைக்காரர், முதல் மூன்று பந்தயத்துக்கும் டெட்டோரி மேல் ட்ரெபிள், அதாவது மூன்றையும் சேர்த்து, கட்டியிருந்தார். மூன்றும் வந்தது. நானே எண்ணிக் கொடுத்தேன். வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வாசல் வரை போனவர், நின்று திரும்பினார். "ஒரே ஆள் எத்தனை தடவைதான் ஜெயிப்பான்?" என்றார். நாலாவது பந்தயத்திலிருந்து டெட்டோரிக்கு எதிராக வேறு குதிரைகள் மேல் கட்ட ஆரம்பித்தார். ஏழாவது முடிந்தபோது பஸ்ஸும் போய்விட்டது, பஸ்ஸுக்குக் காசும் இல்லை. முதலாளி தன் ஜீப்பில் கொண்டுபோய் லயத்தில் விட்டுவரச் சொன்னார். அவ்வளவு பெரிய மனது அவருக்கு, அந்த இரவில்.

குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டமா, திறமையா? எனக்கும் என் மைத்துனருக்கும் பெரிய வாக்குவாதம்.
*– வாசகர், பதுளை*

மைத்துனர் திறமை என்கிறவர் என்றால், அவர் பக்கம் இந்திய உச்ச நீதிமன்றமே இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 1974இல் குதிரைப் பந்தயத்தைத் தடைசெய்ய இயற்றிய சட்டம் பற்றிய வழக்கில், குதிரைப் பந்தயம் முக்கியமாகத் திறமை சார்ந்தது, வெறும் சூதாட்டம் அல்ல என்று 1996இல் தீர்ப்பு வந்தது. சென்னை கிண்டி மைதானம் அதனால் பிழைத்தது. கடைசியில் குத்தகை பாக்கி விவகாரத்தில் 2024இல் அரசு பூட்டிவிட்டது, அது வேறு கதை.

குதிரையின் பழைய ஓட்டம், பாரம், புல்தரையின் ஈரம், ஜொக்கியின் கை எல்லாவற்றையும் படிப்பது திறமைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்தொன்பது வருடத்தில் எங்கள் கடைக்கு வந்தவர்களில் அந்தத் திறமை உள்ளவர்கள் என்று இரண்டு பேரைத்தான் சொல்வேன். ஒருவர் ஆசிரியர். மற்றவர் வாரத்துக்கு ஒரு முறை மட்டும் வந்து ஒரே ஒரு துண்டு எழுதுவார். முதலாளிக்கு அவரைக் கண்டால் பிடிக்காது.

ஐயா, என் வீட்டுக்காரர் தேயிலை ஸ்டோரில் வேலை. பின்னேரம் டவுனுக்குப் போய் நாளுக்கு 300 ரூபாய் குதிரையில் போடுகிறார். கேட்டால் "போன கிழமை 1,800 எடுத்தேனே" என்கிறார். என் தோடு அடகில். இப்போது வட்டிக்காரர் லயத்து வாசலுக்கே வருகிறார். இரண்டு பிள்ளைகள். நான் என்ன செய்வது?
*– வாசகி, பொகவந்தலாவை*

மகளே, உங்களுக்குப் புத்தி சொல்லும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்காரரைப் போன்றவர்களின் துண்டுகளை எழுதித்தான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.

அவர் பொய் சொல்லவில்லை. 1,800 வந்த நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். மற்ற நாட்கள் ஞாபகமே இருக்காது. ஒரு முறை, மழை நாளில் வேலையில்லாமல் இருந்தபோது, தினமும் வரும் ஒருவரின் ஒரு வருடக் கணக்கை விளையாட்டாகக் கூட்டிப் பார்த்தேன். அவர் 61 தடவை வென்றிருந்தார். அப்படியும் வருட முடிவில் 38,000 ரூபாய் கடைக்கு விட்டுப்போயிருந்தார். அன்றைய காசில் அது பசு மாடு வாங்குகிற தொகை. அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மாதம் 25 நாள், நாளுக்கு 300 என்றால் 7,500 ரூபாய். ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கு, 2024இல் வந்த 1,350 கணக்கில் பார்த்தால் ஐந்தரைப் பேர். அட்டை கடிக்க நீங்கள் மலையில் நின்ற ஐந்தரை நாள்.

துண்டுகளைக் கிழித்துப் போட்டுச் சண்டை பிடிக்காதீர்கள். சட்டைப் பையில் கிடைப்பதையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வாருங்கள். சம்பளத்துக்கு முதல் நாள், பிள்ளைகள் தூங்கிய பிறகு, தரையில் பரப்பி அவரையே கூட்டச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்க வேண்டாம். நான் பார்த்தவரையில் ஆண்களை மனைவியின் அழுகை நிறுத்தியதில்லை, கூட்டுத்தொகை சிலரை நிறுத்தியிருக்கிறது.

அதைவிட அவசரமானது உங்கள் சம்பளம். அதை அவர் போய் வாங்கும் பழைய வழக்கம் உங்கள் தோட்டத்தில் இருந்தால் இந்த மாதமே நிறுத்துங்கள். உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு, புத்தகம் உங்கள் அம்மா வீட்டில். வட்டிக்காரர் எந்தக் கடதாசி நீட்டினாலும் கையெழுத்து வைக்காதீர்கள். அவரோடு பேசும்போது பக்கத்தில் ஒரு பெரிய மனிதர் இருக்கட்டும். அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கிக் கொடுக்கவே கூடாது. கடன் தீர்ந்த அன்று மாலையே புதுத் தெம்போடு கடைக்கு வருவார்கள், அதைக் கூண்டின் இந்தப் பக்கத்திலிருந்து எத்தனையோ முறை பார்த்தவன் நான்.

நிறுத்த வேண்டும் என்று அவரே நினைத்தும் முடியவில்லை என்றால் அது பழக்கத்தைத் தாண்டிய நோய். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. தோடு எப்போது மீட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

நீங்கள் எப்போதாவது பெரிய தொகை வென்றதுண்டா?
*– வாசகர், மஸ்கெலியா*

ஒரே ஒரு தடவை. டோட் கூண்டில் இருந்த முதல் சித்திரையில். கிளாக்கர்கள் கட்டக் கூடாது என்பது சட்டம். நான் வெளியில் நின்ற நண்பனிடம் காசைக் கொடுத்தேன். டிக்கெட் விற்கும்போதே எண்களைப் பார்த்துக்கொண்டிருந்ததால், எந்தக் குதிரையை யாரும் கவனிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆறாம் நம்பர். 1,150 ரூபாய் வந்தது. இரவோடு இரவாக வீட்டுக்கு ஓடி, நோட்டுகளை அப்பாவின் முன்னால் வைத்தேன்.

அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அது என்ன நிறக் குதிரை என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.